ராஜாராமன் வீட்டு ஃப்ரிட்ஜ்

அத்தியாயம் பதினான்கு

இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு ராஜாராமன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது இந்த இதழைக் கையில் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முடிச்சூரில் வயலை மனைகளாகப் போட்டு, அன்னபூரணி நகர் என்று பலகை நட்டபோது அங்கே முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர் ராஜாராமன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. மகன் கோபு, மருமகள் சரளா, நகர் நலச் சங்கத் தலைவர் பதவி, ஸ்டெபிலைசர் போட்ட ஒரு ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம்.

போன மாதம் நாடு முழுக்க ஒரே நாளில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். மழையில் முடிச்சூர் சாலை அரித்துப் போயிருந்தது. காலையில் வேன் வந்து சேருமோ சேராதோ என்ற பயத்தில், கிராம சுகாதார நர்ஸ் அருள்மேரி முதல் நாளே மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து ராஜாராமன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஃப்ரிட்ஜ் அன்று மத்தியானத்தில் இருந்து மறுநாள் விடியும் வரை அணைந்தே கிடந்தது. இது தன் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று சரளா நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்து நினைத்தே இந்த ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

இனி இன்றைய கதை. காணும் பொங்கல்.

காலையிலேயே எதிர் மனையில் சாமியானா எழும்பிவிட்டது. மைக் செட்காரன் ராஜாராமன் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் விழா. சொட்டு மருந்து கொடுத்த நாளில் விடுபட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை என்று பேர் வாங்கிய இடங்களில் அன்னபூரணி நகரும் ஒன்று. அதைக் கொண்டாட மாவட்டத்தில் இருந்து டாக்டர் தேவானந்தம் நேரிலேயே வருகிறார். ராஜாராமனுக்குப் பொன்னாடை.

கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று அவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கோபு கேலி செய்தான்.

"அப்பா, பொன்னாடை போத்தும்போது கண்ணை மூடிடாதீங்க. போன தடவை ஆயுதபூஜை போட்டோல தூங்கற மாதிரியே வந்துட்டீங்க."

"போடா, போய் மாலை வாங்கிட்டு வர்ற வழியைப் பாரு. தாம்பரம் மார்க்கெட்ல இன்னிக்கு ரோஜா கிடைக்கறதே கஷ்டம்."

அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்த சரளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபு கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லி வைத்திருந்தாள்.

மாலை வாங்க அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போன சிறிது நேரத்தில் அருள்மேரி வந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

"அக்கா, முதல்ல ஒரு காபி குடுங்க. சந்தோஷத்துல ராத்திரி தூக்கமே இல்லை. எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, 'உன் ஏரியா ஃபர்ஸ்ட்'னு கை குடுத்தாங்க, தெரியுமா? எல்லாம் உங்க வீட்டுப் புண்ணியம்."

சரளா காபியைக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு பேஜார்தான் அக்கா," என்றாள் அருள்மேரி. "ஏரிக்கரைக் குடிசை கிளியம்மா இருக்காளே, அவ சூளைக்குக் கிளம்பறா. பொங்கல் முடிஞ்சா ஏரிக்கரைல பாதிப் பேர் படப்பைப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிடுவாங்க இல்லையா? மத்தவங்களை அடுத்த வாரம் போங்கன்னு கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கேன். இவ மட்டும் கேக்கமாட்டேங்கறா. நாளைக்கு விடியறப்பவே லாரியாம். சனிக்கிழமை நமக்கு ரெண்டாவது தவணை."

"சூளைல யாரும் வந்து குடுக்கமாட்டாங்களா?"

"அந்த மண் மேட்டுக்குள்ள யார் போறாங்க? போனாலும் இவ காட்டணுமே. 'அதான் ஒரு தடவை ஊத்தியாச்சே, போதும்'ங்கறா. ஒண்ணு போட்டிருக்கறதால பையனுக்கு ஓரளவு தெம்பு இருக்கும்தான். இருந்தாலும் ரெண்டாவதும் போயிட்டா எனக்கு நிம்மதி. நீங்க சொன்னா கேப்பா அக்கா. உங்க பேச்சுக்குத்தானே முதல் தடவையே வந்தா?"

அது உண்மைதான். அந்த உண்மைதான் சரளாவைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

முதல் தவணைக்கு முந்தைய வாரம் ஏரிக்கரைக் குடிசைகளில் ஒரு புரளி கிளம்பியிருந்தது. அந்தச் சொட்டைக் குடித்த பிள்ளைகளுக்குப் பின்னால் பிள்ளை பிறக்காதாம். அருள்மேரி போய்ப் பேசிப் பார்த்தாள், ராஜாராமன் போய் அதட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சரளா போனாள். கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனுக்குத்தான் புள்ளை இல்லியேம்மா, உனுக்கு இன்னா தெரியும்?" என்று பட்டென்று கேட்டுவிட்டாள்.

சரளா அழவில்லை. கல்யாணமான நாளாக உறவுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. "இல்லைதான். ஒண்ணு இருந்திருந்தா முதல் ஆளா நான் அதைத் தூக்கிட்டுப் போய் நிப்பேன்," என்றாள்.

கிளியம்மாள் பக்கத்துக் குடிசைக்காரிகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "புள்ளைக்கு ஏங்கறவ இன்னொருத்தி புள்ளை விசயத்துல பொய் சொல்லமாட்டாடி." அந்த ஒரு பேச்சில் ஏரிக்கரை முழுக்க மனம் மாறியது.

சரளா வீட்டுக்கு வந்து கோபுவிடம்கூட இதைச் சொல்லவில்லை. தனக்குள்ளேயே வைத்துப் பூரித்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை கிளியம்மாள் மகன் ரவியைச் சரளாவே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், கன்னத்தை மெல்ல அழுத்தி வாயைத் திறக்கவைத்தாள். மருந்தை ஊற்றினார்கள். பையன் முகத்தைச் சுளித்தான், எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய நாள் மத்தியானம் நடந்ததை என்ன செய்வது?

மறுநாள் தொண்டு செய்ய வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் நம் வீட்டில்தான் இட்லி என்று ராஜாராமன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த அடுப்படியில் பெரிய ப்ளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். வீடு கட்டும்போது இன்னொன்று வைக்கச் சொல்லிக் கோபு தலைபாடாக அடித்துக்கொண்டான், ராஜாராமன் கேட்கவில்லை. ஆகவே கிரைண்டர் ஓட வேண்டுமானால் ஃப்ரிட்ஜைப் பிடுங்க வேண்டும். தினமும் நடக்கிற சமாசாரம்தான். அரைத்து முடித்ததும் மாற்றிச் செருகிவிடுவாள்.

அன்று பாதி அரைக்கும்போது கரண்ட் போயிற்று. மழைக் காற்று, எங்கேயோ ஒயர் அறுந்துவிட்டது. இருட்டிய பிறகு கரண்ட் வந்தபோது கிரைண்டர் தானாகவே கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. விழுந்தடித்து ஓடிவந்து மிச்சத்தை அரைத்தாள். மாவை வழித்தாள், உப்புப் போட்டுக் கரைத்தாள், கல்லைக் கழுவினாள், ஓய்ந்து போய்ப் படுத்தாள். ப்ளக்கை மாற்றவில்லை.

விடிகாலையில் பால் எடுக்க வந்தபோது தரையெல்லாம் தண்ணீர். பால் திரிந்திருந்தது. மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், அவள் கையைவிட அது குளிர்ச்சியாக இல்லை. ப்ளக்கைச் செருகினாள், தரையைத் துடைத்தாள், அருள்மேரி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அருள்மேரி வந்தாள். ஐஸ் நிரப்பிய தன் டப்பாவில் அவசர அவசரமாக மருந்தை மாற்றிக்கொண்டு ஓடினாள். வாசலில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டிருந்தது. சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். அன்று மூடிய வாய் இன்னும் திறக்கவில்லை.

"என்ன அக்கா, போய்ச் சொல்றீங்களா?" என்றாள் அருள்மேரி, டம்ளரைக் கழுவி வைத்தபடி.

"சொல்றேன்."

அருள்மேரி சாமியானா பக்கம் போனதும் சரளா அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்தாள். ராஜாராமன் இன்னும் கண்ணாடி முன்னால்தான் இருந்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேட்டி இஸ்திரி போட்டாச்சா? அந்த ஜரிகைக் கரை போட்டது."

"போட்டாச்சு. மாமா, அன்னிக்கு ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடலை."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகம் மட்டும் அவளைப் பார்த்தது.

"தெரியும்மா," என்றார்.

சரளாவுக்கு முதலில் புரியவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

"நீ தரையைத் துடைச்சிட்டு இருந்தே. நான் தண்ணி குடிக்க வந்தவன், இந்தக் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டு இருந்தேன். ப்ளக்கைச் செருகினதையும் பார்த்தேன்."

"ஏன் மாமா கூப்பிடலை? ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா…"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லலை. நாம எதுக்கு மருமகப் பொண்ணைக் காட்டிக் குடுக்கணும்னு நானும் பேசாம இருந்துட்டேன். அப்புறம் அருள்மேரி வந்து, 'சில்லுனு இருக்குதா சார்?'னு என்னைத்தான் கேட்டா." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வாசல்ல அத்தனை ஜனம். பேனர் கட்டியாச்சு. பேப்பர்காரன் வேற வந்து நிக்கறான். 'ஃபர்ஸ்ட் க்ளாஸா இருக்கு'ன்னு வாய் தானா சொல்லிடுச்சும்மா."

இரண்டு பேரும் ஒரு மாதமாக ஒரே வீட்டில் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சாதம் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சரளாவுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. நாம் இரண்டு பேரும் இப்படி ஆகிவிட்டோமே என்ற வருத்தம்தான் வந்தது.

"இப்ப அருள்மேரிகிட்ட சொல்லிடலாம் மாமா."

"இன்னிக்கா? யோசிச்சுப் பாரு. இது வெளியே தெரிஞ்சா, ஏரிக்கரைல ஒருத்திகூடச் சனிக்கிழமை வரமாட்டா. 'அப்பவே சொன்னோமே, கெட்ட மருந்து'ன்னு கிளம்பிடும். முடிச்சூரோட நிக்காது, பெருங்களத்தூர் வரைக்கும் பரவும். ரெண்டாவது சொட்டு ஒழுங்காப் போயிட்டா எல்லாக் குழந்தைக்கும் பாதுகாப்புத்தான். நான் என் மானத்துக்காக மட்டும் சொல்லலை."

மானத்துக்காக மட்டும் இல்லை என்பது நிஜம். மானத்துக்காகவும்தான் என்பதும் நிஜம். அவருக்கே அது தெரிந்திருந்ததால் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"கிளியம்மா நாளைக்குச் சூளைக்குப் போறா மாமா. ஒண்ணு போட்டாச்சுன்னு தைரியமா போறா."

"போய்ப் பேசு. கையைக் காலைப் பிடிச்சாவது நிறுத்து. காரணம் மட்டும் சொல்லாதே."

வெயில் ஏறியிருந்தது. முடிச்சூர் ரோட்டில் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஜனங்கள் புதுத் துணியோடு போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மிருகக்காட்சிசாலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பியிருந்தார்கள். சரளா ஒருத்திதான் ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள்.

கிளியம்மாள் சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரங்கன் கரைமேல் சீட்டாட்டத்தில் இருந்தான். குடிசைக் கதவைப் பிடித்துக்கொண்டு ரவி நின்றுகொண்டிருந்தான். போன மாதம் தவழ்ந்த பிள்ளை, இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். சரளா வேண்டுமென்றே அவன் கால்களைப் பார்க்காமல் இருந்தாள்.

"வா சரளாம்மா. இன்னா, காணும் பொங்கலுக்கு எங்களைக் காண வந்துட்டியா?"

"நாளைக்குப் போறியாமே கிளியம்மா."

"ஆமா, விடியசொல்ல லாரி வந்துரும். அந்த நர்சம்மா அனுப்ச்சிக்கீதா உன்னிய?"

"சனிக்கிழமை சாயங்காலம் போனா ஆகாதா? பையனுக்குச் சொட்டு போட்டதும் நானே பஸ் ஏத்தி விடறேன்."

"மேஸ்திரி எனுக்கோசரம் லாரியை நிறுத்தி வெப்பானா? அப்பால போனா எடம் போயிரும்மா. அதான் ஒருக்கா ஊத்தியாச்சே. நீதானே இட்டுக்கினு போனே?"

"ஒண்ணு பத்தாது."

"ரெண்டு ஊத்துனா மூணு பத்தாதும்பீங்க." கிளியம்மாள் சிரித்தாள். சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கினாள். "நீ கவலப்படாத. எம் புள்ளை உன் கையால குட்ச்சவன். நல்லாதான் கீறான்."

ரவி கதவை விட்டுவிட்டுத் தள்ளாடி வந்து சரளாவின் புடவையைப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து அவனைத் தூக்கினாள். அவன் அவள் தாலிச் சரடை இழுத்து வாயில் வைத்தான். காரணம் சொல்லாதே என்று மாமனார் சொன்னது ஞாபகம் இருந்தது. காரணம் சொல்லாமல் இந்தப் பெண்ணை நிறுத்த முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

"கிளியம்மா, அந்த மருந்து கெட்டுப் போயிருக்கலாம்."

"எந்த மருந்து?"

"போன மாசம் ஊத்தினது. அது சில்லுனு இருந்தாத்தான் வேலை செய்யும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தோம். நான் கிரைண்டர் போடறதுக்காக ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டு, திரும்பப் போட மறந்துட்டேன். ராத்திரி பூரா அணைஞ்சு கிடந்தது."

கிளியம்மாளின் கை கயிற்றிலேயே நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்து போக மறந்து கொஞ்ச நேரம் இருந்தது.

"கெட்டுப் பூட்ச்சின்னா? எம் புள்ளைக்கு இன்னா ஆவும்?"

"கெடுதல் ஒண்ணும் பண்ணாது. சத்தியமா. ஆனா காப்பாத்தாது. கொஞ்சம் காப்பாத்துமோ என்னமோ, அது பார்த்தா தெரியாது, எனக்கும் தெரியலை. அதனாலதான் சனிக்கிழமை கண்டிப்பா போட்டாகணும்."

"எப்ப தெரிஞ்சிது உனுக்கு?"

"அன்னிக்குக் காலைலயே."

"எம் புள்ளை வாயில ஊத்தறதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

இந்த ஒரு மாதத்தில் சரளா தன்னைத்தானே எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை. கேட்காமல் தப்பித்து வந்திருக்கிறாள்.

"முன்னாடி," என்றாள்.

கிளியம்மாள் கத்தவில்லை. எழுந்து வந்து பிள்ளையைச் சரளாவின் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் விரலில் சிக்கியிருந்த சரடைப் பொறுமையாக விடுவித்தாள்.

"அன்னிக்கே வந்து சொல்லிக்கீலாமே. இன்னாவோ மறந்துட்டேன் கிளின்னு. நான் உன்னிய அட்ச்சா போட்டிருப்பேன்? இன்னொரு தபா ஊத்துன்னு நானே இட்டுக்கினு வந்திருப்பேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "இந்தக் கரை பூரா உன் பேச்சை நம்பச் சொன்னது நானு. இப்ப அவளுங்களுக்கு இன்னா பதில் சொல்ட்டும்? நீ போ. எனுக்கு வேல கீது."

சரளா திரும்பி நடந்தாள். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பொங்கல் வாழ்த்துச் சொன்னார்கள். பதிலுக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் ராஜாராமன் ஜரிகை வேட்டியில் நின்றிருந்தார். கண்ணாலேயே கேட்டார்.

"சொல்லிட்டேன் மாமா. காரணத்தோட."

அவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

சாயங்காலம் சாமியானா நிரம்பி வழிந்தது. குழந்தைகளின் பலூன் வெடிச் சத்தத்துக்கு நடுவே டாக்டர் தேவானந்தம் பேசினார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். ஒரே நாளில் இந்தத் தேசத்தில் கோடிக்கணக்கான குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விழுந்ததை, காஷ்மீரில் பனியிலும் ராஜஸ்தானில் மணலிலும் நர்சுகள் நடந்ததைச் சொன்னார். பெரியம்மையை ஓட்டிய நாம் இதையும் ஓட்டுவோம், இன்னும் கொஞ்ச வருஷத்தில் காலில் இரும்புக் கம்பி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நம் தெருவில் பார்க்கமாட்டோம் என்றார்.

சரளாவுக்குக் கண் நிறைந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு பெரிய நல்ல காரியம் நாடு பூராவும் நடந்திருக்கிறது, அதில் தன் அடுப்படி மட்டும் இப்படி ஒரு கறையாகிவிட்டதே என்று நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கோபு, அப்பாவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டு தன் கைக்குட்டையை நீட்டினான்.

ராஜாராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேமரா மின்னியது. அவர் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரிகூடப் பேசாமல், "எல்லாருக்கும் நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது.

அப்போதுதான் சரளா பார்த்தாள். சாமியானாவின் ஓரத்தில், ஏரிக்கரைப் பெண்கள் நாலைந்து பேருடன் கிளியம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் ரவி.

அருள்மேரியும் பார்த்துவிட்டாள். மைக்கைப் பிடித்து, "நம்ம ஏரிக்கரை கிளியம்மாவை ரெண்டு வார்த்தை பேசக் கூப்பிடறேன். இவங்கதான் அங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்தாங்க," என்று அறிவித்தாள். கிளியம்மாள் தயங்கவே, கீழே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். மேடையில் ராஜாராமன் பொன்னாடையின் நுனியை இறுகப் பிடித்திருந்தார்.

கிளியம்மாள் மைக்கைக் கொஞ்சம் முறைத்துப் பார்த்தாள்.

"எனுக்குப் பேசல்லாம் தெரியாது. எம் புள்ளைக்கு ஊத்துனாங்க. சனிக்கெயமையும் ஊத்தறாங்களாம். அல்லாரும் புள்ளைங்களை இட்டுக்கினு வாங்க. வராம இருக்காதீங்க. அது நல்ல மருந்துதான்." நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா ஊத்தறதுக்கு முன்னாடி நீங்களே டப்பாவைத் தொட்டுப் பாருங்க. சில்லுனு கீதான்னு பாத்துட்டு, அப்பால புள்ளை வாயத் தொறங்க. எவங்களையும் கேக்காதீங்க. நீங்களே தொட்டுப் பாருங்க."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. டாக்டர் தேவானந்தம், "பார்த்தீங்களா, என்ன ஒரு விழிப்புணர்ச்சி!" என்று மனம் விட்டுப் பாராட்டினார்.

அருள்மேரி சிரிக்கவில்லை. தட்டப்போன கை அப்படியே நிற்க, மெல்லத் திரும்பி ராஜாராமனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து அவள் பார்வை கூட்டத்தில் சரளாவைத் தேடியது.

கிளியம்மாள் இறங்கி வெளியே போய்க்கொண்டிருந்தாள். சரளா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"கிளியம்மா, சனிக்கிழமை இருப்பியா?"

ரவி சரளாவைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினான். கிளியம்மாள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியாது. ரங்கன்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா உங்க வூட்டாண்ட ஆளுங்களை இட்டுக்கினு வந்துருவான். சொல்லாங்காட்டி லாரில ஏறச் சொல்லுவான். நான் இன்னா செய்யட்டும், நீயே சொல்லு."

கிளியம்மாள் பதிலுக்குக் காத்திராமல் இருட்டத் தொடங்கியிருந்த ரோட்டில் இறங்கிப் போனாள்.

சரளா திரும்பி வந்தபோது விழா முடிந்திருந்தது. கோபு எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தான். மேடைக்குப் பின்னால் அருள்மேரி நின்றிருந்தாள். அவளுக்கு எதிரில் ராஜாராமன். பொன்னாடை இப்போது அவர் தோளில் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

"அருள்மேரி, தப்பு என்னோடதுதான்," என்று சரளா ஆரம்பித்தாள்.

"அக்கா," என்றாள் அருள்மேரி. "அத்தனை குழந்தைங்க வாயிலயும் ஊத்தினது என் கை. என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. ஆளனுப்பி வேற பெட்டி கேட்டிருப்பேன். மத்தியானத்துக்குள்ள வந்திருக்கும். ஜனங்களைச் சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா போதுமே அக்கா!"

இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமாகவா தீர்ந்திருக்கும்? ஒரு மாதமாகத் தின்ற சோறு ஒட்டாமல் அவள் மறைத்துக் காத்தது, ஒரு காலைப் பொழுதின் தாமதத்தையா? சரளா பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ராஜாராமன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அருள்மேரி கண்ணைத் துடைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். டாக்டரின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அவரிடம் இப்போதே சொல்வதா, முதலில் ஏரிக்கரைக்கு ஓடுவதா என்று அவள் ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினாள்.

"நானும் வர்றேன்," என்றாள் சரளா.

"வேண்டாம் அக்கா," என்றாள் அருள்மேரி. "இனிமே அங்க நீங்க வந்தா கிளியம்மா நிக்கமாட்டா."